ஹெல்கோலாந்து யாத்திரை

பெர்லின்

விளக்குகளின் வெளிச்சத்தை அளந்த ஒரு நிலையத்தில்தான் குவாண்டம் பௌதிகத்தின் முதல் அத்தியாயம் தொடங்கியது என்று திருச்சிராப்பள்ளிக் கல்லூரி ஒன்றில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். அந்த இடத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஐரோப்பாவில் வேலையாக இருக்கும் மகளிடம் போய்த் தங்கிய ஒரு ஜூன் மாதத்தில்தான் நிறைவேறிற்று. ஷார்லோட்டன்பர்க் என்னும் பகுதியில், மரங்கள் அடர்ந்த தெரு ஒன்றை ஒட்டி அந்த வளாகம் இன்றும் இருக்கிறது. 1887-ஆம் ஆண்டில் வெர்னர் வான் ஸீமன்ஸ் என்னும் தொழிலதிபர் நிலம் கொடுக்க, ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் மேதை முதல் தலைவராக அமர, ஜெர்மன் அரசாங்கம் நிறுவிய அளவை நிலையம் அது. வாயு விளக்கு, மின்சார விளக்கு இரண்டில் எது கொடுத்த காசுக்கு அதிக வெளிச்சம் தருகிறது என்று தீர்மானிக்க ஒரு பொதுவான அளவுகோல் வேண்டியிருந்தது; அதைத் தேடிய ஆராய்ச்சியாளர்கள், உள்ளீடற்ற ஒரு கலத்தைச் சூடேற்றி, அதன் சிறு துவாரத்தின் வழியே வரும் கதிர்வீச்சில் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதை வருஷக்கணக்கில் பொறுமையாக அளந்தார்கள். கலம் எந்த உலோகத்தால் ஆனதாயினும் அக்கதிர்வீச்சு வெப்பநிலை ஒன்றையே சார்ந்து நிற்கும் என்பதுதான் அவர்களுக்கு ஆதாரம்.

1900-ஆம் ஆண்டு அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. அளவுகளை எடுத்தவர்களுள் ஒருவராகிய ரூபன்ஸ் தம் மனைவியோடு பேராசிரியர் மாக்ஸ் பிளாங்கின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். போன இடத்தில், நீண்ட அலைநீளங்களில் தாம் கண்ட அளவுகள் அதுவரை நம்பப்பட்ட விதிக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னார். விருந்தினர் விடைபெற்றுப் போன அன்று மாலையே பிளாங்க் உட்கார்ந்து, எல்லா அளவுகளுக்கும் பொருந்தும் ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பொருந்துகிறது என்பது வேறு, ஏன் பொருந்துகிறது என்பது வேறு. அந்த ஏன் என்ற கேள்விக்கு விடை தேடி இரண்டு மாத காலம் உழைத்து, ஆற்றல் இடையறாத ஓட்டமாக அல்லாமல் சின்னஞ்சிறு பகுதிகளாகவே கொடுக்கவும் வாங்கவும் படுகிறது என்று கொண்டால் ஒழியச் சூத்திரத்துக்கு நியாயம் கற்பிக்க முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். டிசம்பர் 14-ஆம் தேதி ஜெர்மன் பௌதிகச் சங்கத்தின் கூட்டத்தில் அதை எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 42. புரட்சி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு லவலேசமும் இல்லை; வேறு வழியின்றி நிராசையில் செய்த காரியம் அது என்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

உன்டெர் டென் லிண்டன் என்னும் ராஜவீதியில் பல்கலைக்கழகத்தின் சுவரில், பிளாங்க் 1889 முதல் 1928 வரை அங்கே போதித்ததைக் குறிக்கும் ஒரு பலகை இருக்கிறது. இதே நகரத்தில் இருந்த ஐன்ஸ்டைனுக்குத்தான் 1924-இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் தம் கட்டுரையை அனுப்பிவைத்தார். பிளாங்கின் விதியைப் பழைய பௌதிகத்தின் துணை சற்றும் இல்லாமல் நிறுவிய அந்தக் கட்டுரையை, முன்பின் அறியாத ஓர் இந்தியர் எழுதியது என்று ஒதுக்கிவிடாமல், ஐன்ஸ்டைன் தம் கையாலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்துப் பிரசுரத்துக்குக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையை நினைத்துக்கொண்டே வீதியைக் கடந்து எதிரே உள்ள சதுக்கத்துக்குப் போனேன். தரையில் கண்ணாடி பதித்து, அதன் கீழே வெண்ணிறமான வெற்று அலமாரிகளை வரிசையாக அமைத்திருக்கிறார்கள். 1933-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி இரவு மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிப் புத்தகங்களைக் கொளுத்திய இடம் அது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மண்டியிட்டு, கண்ணாடியின் மேல் இரு கைகளையும் குவித்து வைத்து உள்ளே பார்த்துவிட்டு, "ஒன்றுமே இல்லையே" என்று தன் தாயிடம் முறையிட்டாள். தாய் அவள் அருகே தானும் குந்தி உட்கார்ந்து வெகு நேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரௌன்ஷ்வைக்

பெர்லினில் தொடங்கிய அளவை நிலையம் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இந்த ஊரின் புறத்தே, தோப்பும் புல்வெளியுமான இடத்தில் புதிதாக வளர்ந்தது. அங்கே பணியாற்றும் நண்பர் ஒருவர் சீசியம் அணுக்கடிகாரங்கள் உள்ள கூடத்தைக் காட்டினார். சீசியம் அணு ஒன்று தன் இரு நிலைகளுக்கிடையே மாறும்போது எழும் அலை 9,192,631,770 முறை அதிர்வதற்கு ஆகும் காலமே ஒரு விநாடி என்பது உலகம் ஒப்புக்கொண்ட வரையறை; ஜெர்மனி முழுவதும் ரயில் நிலையக் கடிகாரங்கள் காட்டும் நேரத்துக்கு இந்தக் கூடமே மூலஸ்தானம். அணுவின் நிலைகள் படிப்படியானவை, படிகளின் உயரம் எங்கும் எப்போதும் ஒன்றே என்னும் குவாண்டம் தத்துவத்தை நம்பித்தான் அந்நாட்டில் ஒவ்வொரு ரயிலும் கிளம்புகிறது.

இன்னொரு கூடத்தில், சிலிக்கனால் ஆன ஒரு கோளத்தைக் கண்டேன். ஒரு கிலோகிராமுக்கு அணுக்கணக்கில் ஒத்துப்போகும்படி இழைத்து இழைத்துச் செய்யப்பட்டது. ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டம். அதில் உள்ள அணுக்களை எண்ணிக் கணக்கிட்டார்கள். பாரிஸுக்கு அருகே பெட்டகத்தில் பூட்டியிருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளையே கிலோகிராம் என்று 1889 முதல் இருந்த ஏற்பாடு, 2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அன்று முதல், ஆற்றல் பகுதிகளின் அளவைக் குறிக்கும் பிளாங்கின் மாறிலியே எடைக்கு ஆதாரம். விளக்கை அளக்கப் புறப்பட்ட நிலையம் ஒரு மாறிலியைப் பெற்றெடுத்து, நூற்றிருபது ஆண்டுகளில் அந்த மாறிலியையே சகல எடைகளுக்கும் அளவுகோலாக்கிவிட்டது என்பதை நினைக்கையில், எங்கள் திருச்சி காந்தி மார்க்கெட்டின் தராசுகள் வரை அதன் அதிகாரம் செல்லுகிறது என்ற உணர்ச்சி எனக்குப் பெரிய ஆனந்தத்தைக் கொடுத்தது.

கெட்டிங்கன்

ஊரின் நடுவே, பழைய நகரசபை மண்டபத்துக்கு முன்னால், வாத்துக் கூடையோடு நிற்கும் ஒரு சிறுமியின் வெண்கலச் சிலை நீரூற்றின் மேல் இருக்கிறது. டாக்டர் பட்டம் பெற்றவர்கள் ஊர்வலமாக வந்து, மேலே ஏறி, அவள் கன்னத்தில் முத்தமிட்டு, கையில் பூச்செண்டு கொடுத்துவிட்டு இறங்குவது சம்பிரதாயம். நான் போன சமயம் ஒரு பெண், தோழிகள் கைத்தட்ட, பட்டமளிப்புத் தொப்பி நழுவ நழுவ ஏறிக்கொண்டிருந்தாள். அங்காடியில் வெள்ளை அஸ்பராகஸ் தண்டுகள் கட்டுக்கட்டாக வந்திருந்தன. ஜூன் 24 வரையில்தான் அவற்றை வெட்டுவார்களாம். அவித்த உருளைக்கிழங்கும் உருக்கிய வெண்ணெயும் சேர்த்து ஒரு தட்டு நிறைய அதைச் சாப்பிட்டேன். உப்பும் காரமும் அறிந்த நாக்குக்கு முதலில் ஒன்றும் புலப்படவில்லை. பாதித் தட்டு ஆன பிறகுதான் மண் வாசனையோடு கூடிய ஒரு மென்மையான இனிப்பு மெல்ல மெல்லத் தெரியலாயிற்று.

இந்தச் சிற்றூர்தான் 1920-களில் கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் தலைநகராக விளங்கியது. அக்காலத்தை இன்று மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் ஊரின் மயானமே. எட்டு நோபல் பரிசாளர்கள் அங்கே அடக்கம் ஆகியிருக்கிறார்கள். தேடிக்கொண்டு போன என்னை, பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் கண்டு, நான் வாய் திறப்பதற்கு முன்பே, "பிளாங்கையா, போர்னையா?" என்று கேட்டார், பதில் சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தாமே கூட வந்தார். பிளாங்கின் கல் அகலமானது, அடக்கமானது. பெயர், அடியில் அவருடைய மாறிலியின் மதிப்பு, 6.62 × 10⁻²⁷ எர்க்-விநாடி என்று. பிறந்த தேதியோ பட்டங்களோ கிடையா. முதல் மனைவியை 1909-இல் இழந்து, ஒரு மகனை முதல் உலக யுத்தத்தில் வெர்டன் போர்க்களத்தில் இழந்து, இரட்டைப் பெண்கள் இருவரையும் ஒருவர் பின் ஒருவராகப் பறிகொடுத்து, முதல் மணத்தின் பிள்ளைகளுள் எஞ்சிய மகன் எர்வினை ஹிட்லரைக் கொல்லச் செய்த சதியில் சம்பந்தப்பட்டவன் என்று 1945 ஜனவரியில் தூக்குக்குக் கொடுத்து, குண்டுவீச்சில் வீட்டையும் நூல்களையும் இழந்து, இந்த ஊருக்கு வந்து 1947-இல் கண்மூடிய மனிதர் அவர். அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது, வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதி அழித்த அந்த எண்ணை மனப்பாடமாக மட்டும் சொல்லி வந்திருக்கிறோமே, அதைக் கண்டவரின் வாழ்வையும் கூடவே சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றிற்று.

சற்று அப்பால் மாக்ஸ் போர்னின் சமாதி. அதிலும் ஒரு சமன்பாடு பொறித்திருக்கிறது. துகளின் நிலையையும் உந்தத்தையும் ஒரு வரிசையில் பெருக்கிய தொகைக்கும், வரிசையை மாற்றிப் பெருக்கிய தொகைக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் பிளாங்கின் மாறிலியால் ஆனது என்பதே அதன் பொருள். மூன்றையும் நான்கையும் எப்படிப் பெருக்கினாலும் பன்னிரண்டுதானே என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது வழக்கம்: நெல்லை அவித்துக் குத்தினால் புழுங்கலரிசி, குத்தி அவித்தால் சோறு; செய்யும் காரியங்கள் இரண்டும் அவையே ஆனாலும் வரிசை மாறினால் விளைவு மாறிவிடுகிறது. அணுவுக்குள் அளப்பது என்பதும் ஒரு காரியமே. வரிசை அங்கே முக்கியம்.

1926-இல் வெளிவந்த ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பிலே, துகளைக் குறிக்கும் அலைச்சார்பின் வர்க்கமே அதற்குரிய நிகழ்தகவைத் தருகிறது என்று போர்ன் எழுதினார். இயற்கையின் அடிப்படையில் நிச்சயம் இல்லை, நிகழ்தகவே உண்டு என்று மானிட சிந்தனையைத் திருப்பிவிட்ட அந்த வாக்கியத்துக்கு நோபல் பரிசு கிடைக்க 1954 வரை ஆயிற்று. இடையே அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. யூதர் என்ற காரணத்தால் 1933 ஏப்ரலில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய சகாவும் நண்பருமான ஜேம்ஸ் ஃப்ராங்க், முதல் உலக யுத்தத்தில் சேவை செய்தவர் என்ற முறையில் தமக்கு விலக்கு இருந்தும், அதை ஏற்காமல் பகிரங்கமாக ராஜினாமா செய்தார். நம்மவர்க்கு நெருக்கமான ஒரு விருத்தாந்தமும் இதிலே உண்டு: திருவானைக்காவலில் பிறந்து, 1928-இல் ஒளிச்சிதறலில் குவாண்டத்தின் அடையாளத்தைக் கண்டு உலகுக்குக் காட்டிய சி. வி. ராமன், நாடிழந்து நின்ற போர்னைப் பெங்களூருக்கு அழைத்தார். 1935-36-இல் சில மாத காலம் போர்ன் மனைவியோடு அங்கே தங்கி இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சொற்பொழிவாற்றினார். அவரை நிரந்தரமாக அமர்த்திக்கொள்ள ராமன் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. அவர் எடின்பரோவுக்குப் போய்விட்டார். பலித்திருந்தால் தென்னிந்தியாவில் குவாண்டம் பௌதிகத்தின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த நஷ்டத்தை இன்றைக்கும் என்னால் அமைதியாக நினைக்க முடியவில்லை.

இதை நான் அந்த மூதாட்டியிடம் சொன்னேன். போர்ன் இந்தியாவில் இருந்த செய்தி அவருக்குப் புதிது. "அப்படியானால் நீங்கள் உறவுக்காரர் மாதிரி" என்று சொல்லி, வாளியில் மீதி இருந்த தண்ணீரைச் சமாதியின் ஓரத்துச் செடிக்கு என்னையே ஊற்றச் சொன்னார்.

ஹெல்கோலாந்து

1925 ஜூன் மாதத்தில் போர்னின் உதவியாளராக இருந்த 23 வயது வெர்னர் ஹைசன்பெர்க்குக்கு, புல்லின் மகரந்தத்தால் வரும் ஒவ்வாமையினால் முகமெல்லாம் வீங்கிவிட்டது. போர்னிடம் விடுப்புப் பெற்றுக்கொண்டு, பூவும் புல்லும் அரிதான இந்த வடகடல் தீவுக்கு அவர் வந்து சேர்ந்தார். வீங்கிய முகத்தைப் பார்த்து, யாருடனோ சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று வீட்டுக்காரி நினைத்தாளாம். குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து இரண்டரை மணி நேரம் கப்பலில் போன பிறகு, வெறுங்கடலின் நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும் செம்பாறையாகத் தீவு கண்ணில் படுகிறது. நான் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவில் வளர்ந்தவன். எங்கள் தீவு ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், வாழையும் தென்னையும் நெல்லும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு முளைக்கிற பூமி. இதுவோ கடல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுபோகிற கல். மோட்டார் வண்டியும் சைக்கிளும் இங்கே சட்டப்படி விலக்கு. காற்றும் கடற்பறவைகளும் செய்கிற ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை.

நான் தங்கிய வீட்டு அம்மாள் எண்பதைக் கடந்தவர். துறையோரத்து வர்ணக் குடிசைகளில் வாங்கி வந்த நண்டின் பெருங்கால்களை அவித்து, சிறு சுத்தியலால் ஓட்டை உடைத்து உள்ளிருக்கும் சதையை எப்படி முழுதாக உருவுவது என்று எனக்குக் காட்டிக்கொண்டே தம் கதையைச் சொன்னார். 1945 ஏப்ரலில் சுமார் ஆயிரம் விமானங்கள் வந்து குண்டு வீசியபின் ஜனங்கள் அனைவரையும் தீவிலிருந்து அப்புறப்படுத்தினார்கள்; கைக்குழந்தையாக இருந்த அவரும் போனார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1947 ஏப்ரல் 18-ஆம் தேதி, தீவின் சுரங்கங்களில் மிஞ்சிய வெடிமருந்து சுமார் 6,700 டன்னையும் பிரிட்டிஷ் கடற்படை ஒரே சமயத்தில் வெடித்தது.

"அப்பா கரையில் நின்றுகொண்டிருந்தாராம். புகை அடங்குமட்டும் வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா சொல்லுவாள். தீவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வந்து சாப்பிட உட்கார்ந்தார்" என்றார்.

"நீங்கள் எப்போது திரும்பி வந்தீர்கள், அம்மா?"

"1952-இல் தீவை எங்களுக்குத் திருப்பித் தந்தார்கள். வீடு கட்டி முடித்து நாங்கள் வர இன்னும் சில வருஷம் ஆயிற்று. நீங்கள் பார்க்கிற வீடு எல்லாம் அதற்குப் பின் கட்டியதுதான். பழையது என்று சொன்னால் அந்தக் கலங்கரை விளக்கம் ஒன்றுதான். அதுவும் யுத்த காலத்துப் பீரங்கிக் கோபுரம்."

ஆகையால் ஹைசன்பெர்க் தங்கிய வீடு இன்று இல்லை. நான் தேடி வந்ததோ அதனினும் சிறியது. எலெக்ட்ரான் அணுவினுள் சுற்றும் பாதையை யாரும் கண்டதில்லை. அணுவிலிருந்து வரும் ஒளியின் அதிர்வெண்ணையும் பிரகாசத்தையுமே காண்கிறோம். ஆதலால் காணாத பாதையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, கண்டவற்றை மட்டும் கொண்டு ஓர் இயக்கவியலை அமைக்க வேண்டும் என்று அவர் விரதம் பூண்டிருந்தார். எண்களை அட்டவணைகளாக வரிசைப்படுத்தி, அவற்றைப் பெருக்கும் முறை ஒன்றைத் தாமே ஏற்படுத்திக்கொண்டு, இந்த முறையில் ஆற்றல் அழியாமல் நிற்கிறதா என்று ஒரு நாள் இரவு கணக்கிடத் தொடங்கினார். முதல் உறுப்புகள் சரியாக வந்ததும் பரபரப்பில் கூட்டல் பிழைகள் நேர, அழித்து அழித்துப் போட்டு, அதிகாலை மூன்று மணிக்கு முடிவு கையில் வந்தது. தூக்கம் எப்படி வரும்? வெளியே வந்து, தீவின் தென்முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையின்மேல் ஏறி, சூரியோதயத்துக்காகக் காத்திருந்ததாகப் பின்னாளில் எழுதினார்.

அந்தப் பாறையைக் காட்ட முடியுமா என்று கேட்டதும், அம்மாள் என்னை மேட்டு நிலத்தின் விளிம்புக்கு அழைத்துச் சென்று கையை நீட்டினார். 1947-ஆம் ஆண்டு வெடிப்பில் தென்முனை முழுவதுமே சரிந்து, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட ஒரு புதிய தளமாகக் கிடக்கிறது. இப்போது அங்கே ஆஸ்பத்திரி ஒன்றும் அதைச் சுற்றிப் புதர்களும் இருக்கின்றன. எந்த இடத்தில் பாறை நீட்டிக்கொண்டிருந்தது என்று அவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததை அவர் சொல்லவும் இல்லை. ஏதோ ஒரு கல்லைக் காட்டி அதுதான் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டும் இருப்பேன். அந்த அம்மாளிடத்தில் நான் கண்ட நேர்மைதான் ஹைசன்பெர்க்கின் கட்டுரையில் முதல் வாக்கியமாக நிற்கிறது: அடிப்படையில் காணக்கூடிய அளவுகளுக்கிடையே உள்ள தொடர்புகளை மட்டும் நம்பி ஓர் அஸ்திவாரம் இடுவது. குவாண்டம் சாஸ்திரத்தை மாயாவாதம் போலவும் மர்ம சாஸ்திரம் போலவும் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். உலகம் பொய் என்றோ, மனம்தான் உலகை ஆக்குகிறது என்றோ அந்த இளைஞர் சொல்லவில்லை. அளந்து அறிந்ததற்கு மேல் ஒரு சொல்கூடப் பேசமாட்டேன் என்றார். எனக்குத் தெரிந்தவரை மனித அறிவின் வரலாற்றில் அதைவிடக் கண்டிப்பான சத்திய விரதம் கிடையாது.

மேட்டு நிலத்தின் மேற்கு விளிம்போடு நடந்தேன். குண்டுகள் விழுந்த குழிகளில் எல்லாம் இன்று புல் மூடி, ஆடுகள் மேய்கின்றன. வடமேற்கு மூலையில் 47 மீட்டர் உயரமான செங்கல் நிறத்தூண் ஒன்று பாறையினின்று பிரிந்து தனியே நிற்கிறது; நெடிய அன்னா என்று அதற்குப் பெயர். அதற்கு அருகே உள்ள செங்குத்துச் சுவரின் விளிம்புகளில் கில்லெமாட் என்னும் கறுப்பு வெள்ளைப் பறவைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். பிறந்து மூன்று வாரமே ஆன, இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள், ஜூன் மாத அந்தியில் அந்த உயரத்திலிருந்து கடலில் குதிக்கின்றன. மங்கல் வெளிச்சத்தில் ஒரு குஞ்சு விளிம்புக்கு வந்து, பின்வாங்கி, மறுபடி வந்து நின்றது. கீழே அலையின்மேல் அதன் தந்தை ஓயாமல் கூப்பிட்டது. சட்டென்று சிறகுக் கட்டைகளை விரித்துக்கொண்டு அது குதித்தது. பாறையின் அடியில் மோதி உருண்டு, தத்தித் தத்தி, தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தது. என் பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்றிருந்த கிழவர் அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டார்; நானும் விட்டேன்.

கோபன்ஹேகன்

ஹெல்கோலாந்திலிருந்து திரும்பிய ஹைசன்பெர்க் கட்டுரையைப் போர்னிடம் கொடுக்க, அந்த விசித்திரமான பெருக்கல் கணிதர்கள் முன்பே அறிந்த அணிகளின் பெருக்கல்தான் என்று போர்ன் கண்டுகொண்டார். பாஸ்குவால் யோர்டான் என்ற மாணவரின் துணையோடு அதற்கு முழு உருவம் கொடுத்தார். மறு வருஷம் ஹைசன்பெர்க் இந்த நகரத்துக்கு வந்து, பிளெக்டாம்ஸ்வை என்னும் தெருவில் 17-ஆம் எண் கட்டடத்தில், பௌதிக மேதை நீல்ஸ் போரின் நிலையத்து மேல்மாடி அறையில் குடியேறினார். 1921-இல் திறந்த அந்த நிலையத்துக்குள் போனால், செங்குத்தாக ஏறும் மர பெஞ்சுகளோடு கூடிய பழைய விரிவுரைக் கூடம் அன்றிருந்தபடியே இருக்கிறது. எந்த பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பழைய புகைப்படங்களைக் கொண்டு சொல்லிவிடலாம். நான் இரண்டாவது வரிசையில் சற்று நேரம் உட்கார்ந்தேன்.

இங்கே நடந்த சம்பாஷணைகளுக்கு இரவு பகல் கிடையாது. 1926 இலையுதிர் காலத்தில் இன்னொரு பௌதிகராகிய ஷ்ரோடிங்கர் விருந்தாளியாக வந்து, காய்ச்சலில் படுத்துவிட்டார். போரின் மனைவி மார்கரேத்தா பணிவிடை செய்ய, போர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவரோடு வாதம் செய்துகொண்டே இருந்தார். அடுத்த பிப்ரவரியில் போர் நார்வேயின் பனியில் சறுக்கப் போயிருந்த நாட்களில், ஹைசன்பெர்க் நிலையத்துக்குப் பின்னே உள்ள பெரிய பூங்காவில் இரவில் தனியாக உலாவியபோது, ஒரு துகளின் நிலையை எவ்வளவு திட்டமாக அறிகிறோமோ அவ்வளவுக்கு அதன் உந்தம் திட்டமற்றுப் போகும் என்ற நிச்சயமின்மைத் தத்துவம் உதயமாயிற்று. திரும்பி வந்த போர், அதை விளக்க எடுத்துக்காட்டிய நுண்பெருக்கிப் பரிசோதனையில் பிழை இருப்பதைச் சுட்டிக்காட்ட, இளைஞர் கண்கலங்கும் அளவுக்கு விவாதம் முற்றியது. அத்தகைய அன்பும் பின்னாளில் முறிந்தது: 1941 செப்டம்பரில், ஜெர்மன் படை ஆக்கிரமித்திருந்த இதே நகரத்துக்கு ஹைசன்பெர்க் வந்து போரைச் சந்தித்தபின், அவர்களுடைய நட்பு பழையபடி ஆகவே இல்லை.

இந்தக் கட்டடத்தில் நிகழ்ந்த வேறொரு செய்தியையும் சொல்ல வேண்டும். நாஜிகளுக்குத் தப்பவைக்க ஜேம்ஸ் ஃப்ராங்க்கும் மாக்ஸ் வான் லௌவும் தங்கள் நோபல் தங்கப் பதக்கங்களை போரிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை நகரத்துக்குள் நுழைந்த அன்று, ஹெவஷி என்னும் ரசாயன நிபுணர் இரண்டையும் ராஜதிராவகத்தில் கரைத்து, ஜாடியை அலமாரியில் மற்ற ஜாடிகளோடு வைத்துவிட்டார். சோதனை போட்டவர்களுக்கு அது தட்டுப்படவில்லை. யுத்தம் முடிந்தபின் கரைசலிலிருந்து தங்கம் மீட்கப்பட்டு, ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பப்பட்டு, மறுபடியும் பதக்கங்களாக வார்க்கப்பட்டது.

பகலில், எனக்கு நிலையத்தைக் காட்டிய ஆராய்ச்சி மாணவி, குளிரூட்டிய ஒரு கலத்தினுள் இருக்கும் நுண்ணிய படிகத்துணுக்கிலிருந்து ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக வெளிவிடச் செய்யும் ஏற்பாட்டை விளக்கினாள். அவ்வாறு ஒற்றை ஒற்றையாக அனுப்பும் ஒளியில் ரகசியச் செய்தி போனால், நடுவே ஒட்டுக்கேட்கிறவன் அளக்கத்தான் வேண்டும்; அளந்தால் ஒளித்துகளின் நிலை கலையும்; கலைந்தது இருபுறத்தாருக்கும் தெரிந்துவிடும். ஹைசன்பெர்க்குக்கு அன்று பூங்காவில் ஓர் எல்லையாகத் தோன்றியது இன்று காவலாக உதவுகிறது. திருச்சியிலிருந்து வருகிறேன் என்றதும், "ராமன் ஊரா?" என்று அவள் கேட்டாள், பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ராமன் நிறமாலைமானி தினமும் ஓடுகிறதாம். எனக்கு ஏற்பட்ட பூரிப்பை மறைக்க நான் முயலவில்லை.

உணவு நேரத்தில், கறுத்த ரை ரொட்டியின் மேல் வெண்ணெய் தடவி, ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் அடுக்கிய துண்டுகளோடு அவளும் அவள் தோழன் ஒருவனும் என்னோடு உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் விவாதம் மூண்டுவிட்டது. அலைச்சார்பு என்பது நம் அறிவின் கணக்கு மட்டுமே என்று அவன் சொன்னான். இல்லை, அது உலகத்தில் உள்ள ஒரு பொருளேதான் என்று அவள் சொன்னாள். கடைசியில் இருவரும் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்கள் எந்தப் பக்கம்?" என்றார்கள். காண்பதோடு நிற்க வேண்டும் என்ற 1925-ஆம் ஆண்டு விரதம் வேலை தொடங்குவதற்கு இன்றியமையாதது என்றும், ஆனால் அதோடு திருப்தி அடையாமல் ஐன்ஸ்டைன் முரண்டு பிடித்ததால்தான் 1964-இல் ஜான் பெல்லின் தேற்றம் வந்தது, அதைச் சோதித்தவர்களுக்கு 2022-இல் நோபல் பரிசும் வந்தது என்றும், ஆதலால் கேள்வியை மூடிவிடக்கூடாது என்ற பக்கமே நான் என்றும் சொன்னேன்.

"பரிசோதனை ஐன்ஸ்டைனுக்கு விரோதமாகத்தானே முடிந்தது!" என்று அவன் குறுக்கிட்டான்.

"ஓரிடத்தில் நடப்பது தொலைவில் உள்ளதை உடனே பாதிக்காது என்னும் ஸ்தல நியதிக்கு விரோதமாக என்று சொல், இரண்டும் ஒன்றல்ல" என்று அவள் எழுந்தே விட்டாள். சுவரில் இருந்த பலகையில் இருவரும் மாறி மாறி எழுதத் தொடங்கினார்கள். மூன்றாவது வரியில் அவன் ஓர் அனுமானத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் போவதைக் கண்டு, நானும் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.